அண்ணலின் துணைவி அன்னை கஸ்தூரிபா

முன்னுரை

நம் அயனம்பாக்கத்திலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் தாய்மார்கள் பிரசவத்திற்காகச் செல்லும் மருத்துவமனைகளுள் ஒன்று திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா ஆஸ்பத்திரி. நம்மில் சிலர் பிறந்ததே அங்கேதான். ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மருத்துவ அம்மையாரின் முயற்சியால் 1885-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது அது. பாட்டிமார் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். ஆனால் அதற்கு இன்று வழங்கும் பெயர் வேறு. அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை என்பதே அப்பெயர்.

யார் இந்தக் கஸ்தூரிபா? காந்தியடிகளின் மனைவி என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அதற்கு மேல் கேட்டால் நாம் விழிப்போம். கணவர் சொல்லைத் தட்டாமல், அவர் பின்னே நிழல்போல் நடந்த அம்மையார் என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அவருடைய வாழ்க்கையைப் படித்துப் பார்த்தபோதுதான், நாம் எண்ணியிருந்தது பாதி உண்மையே என்று தெரிந்தது. மற்றப் பாதியைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதம் எழுதியவரும் எழுதாதவரும்

அமெரிக்க நாட்டின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ். அவருடைய மனைவி அபிகேல் (1744 - 1818) பள்ளிக்குச் சென்று படித்தவர் அல்லர். ஆயினும் தந்தையின் வீட்டில் இருந்த நூல்களைக் கற்று அறிவு பெற்றார். 1776-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாட்டின் விடுதலை பற்றி ஆராய்வதற்காகப் பிலடெல்பியா சென்றிருந்த கணவருக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களை மறந்துவிட வேண்டாம் என்றும், கணவர்களின் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிட வேண்டாம் என்றும் அதில் வேண்டிக்கொண்டார். அக்கடிதம் இன்றும் உலகெங்கும் போற்றப்படுகிறது.

நம் அன்னை கஸ்தூரிபாவுக்கு அப்படிக் கடிதம் எழுதத் தெரியாது. குஜராத்தி மொழியில் எளிய கடிதம் எழுதுவதே அவருக்கு அரும்பாடு. அவருடைய இளமை வாழ்வைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் காந்தியடிகளின் சத்திய சோதனை வழியாகத்தான். தம் குற்றங்களை மறைக்காமல் எழுதிய நூல் அது. அதனால் அண்ணலின் குற்றங்களோடு அன்னையின் உறுதியும் அதில் பதிவாகிவிட்டது. அபிகேல் அம்மையார் தாளில் எழுதிக் கேட்ட நீதியை, நம் அன்னை சிறைக்குச் சென்று கேட்டார்.

பிறப்பும் திருமணமும்

குஜராத்தின் கடற்கரையில் உள்ள போர்பந்தர் நகரில் 1869-ஆம் ஆண்டு கஸ்தூரிபா பிறந்தார். தந்தையார் கோகுல்தாஸ் மாகன்ஜி ஒரு வணிகர். அக்கால வழக்கப்படி பெண் குழந்தைக்குப் படிப்பு தேவை என்று எவரும் நினைக்கவில்லை. அதே ஊரில் அதே ஆண்டில் பிறந்த மோகன்தாஸ் காந்திக்கு அவரை மணம் செய்து கொடுத்தார்கள். அப்போது இருவருக்கும் வயது 13. கணவரைவிட மனைவி சில மாதங்கள் மூத்தவர். செலவைக் குறைப்பதற்காக மோகன்தாஸின் அண்ணன், சிற்றப்பா மகன் ஆகியோரின் திருமணங்களையும் சேர்த்து ஒரே பந்தலில் மூன்று திருமணங்களை நடத்தினார்கள். நம்மைவிட இரண்டு வயது இளைய ஒரு சிறுமி, மணப்பெண்ணாக அமர்ந்திருந்த காட்சியை நினைத்தாலே நமக்குத் துணுக்கென்கிறது.

பள்ளி மாணவனாகிய அந்தக் கணவனுக்கு அதிகார ஆசை இருந்தது. தன் அனுமதி இல்லாமல் மனைவி கோவிலுக்கும் போகக் கூடாது, தோழியரைப் பார்க்கவும் போகக் கூடாது என்று கட்டளையிட்டான். கஸ்தூரிபா எதிர்த்துப் பேசவில்லை; சண்டையும் போடவில்லை. ஆனால் விரும்பிய போதெல்லாம் கோவிலுக்குப் போய் வந்தார். எவ்வளவு தடுத்தாலும் அவ்வளவுக்கு அதிகமாகப் போய் வந்தார். கோபம் கொள்ளாமல், பணியாமல், தவறான ஆணையை ஏற்க மறுக்கும் இந்த முறையைத்தான் பிற்காலத்தில் உலகம் சத்தியாகிரகம் என்று அழைத்தது. அகிம்சையின் முதற்பாடத்தைத் தம் மனைவியிடமே கற்றதாகக் காந்தியடிகளே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆசிரியைக்கு எழுத்தறிவு இல்லை, மாணவரோ பாரிஸ்டர்! இதைவிட வியப்பு வேறு என்ன இருக்க முடியும்?

காத்திருந்த காலம்

முதற்குழந்தை பிறந்த சில நாட்களிலேயே இறந்தது. 1888-இல் ஹரிலால் பிறந்தான். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே, அதே ஆண்டு செப்டம்பர் மாதம் கணவர் சட்டம் படிக்க இலண்டன் சென்றார். திரும்பி வர மூன்று ஆண்டுகள் ஆயின. பின் 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். மீண்டும் மூன்று ஆண்டுப் பிரிவு. கூட்டுக் குடும்பத்தில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு அன்னையார் காத்திருந்தார்.

1896-ஆம் ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் குடும்பத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். நாகரிகமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக மனைவிக்குப் பார்சிப் பெண்களைப் போன்ற சேலைக்கட்டும், காலுறையும், பூட்சும் கட்டாயமாயின. பழக்கமில்லாத பூட்சினால் கால்கள் நொந்தன. கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தும் பல நாட்கள் எவரையும் இறங்க விடவில்லை. இந்தியர்களுக்காகப் பேசும் காந்தி நாட்டுக்குள் வரக் கூடாது என்று வெள்ளையர்கள் கூட்டம் கூடி முழங்கினார்கள். 1897 ஜனவரி 13 அன்று கர்ப்பிணியான கஸ்தூரிபாவையும் பிள்ளைகளையும் பார்சி ருஸ்தம்ஜி என்ற நண்பரின் வீட்டுக்கு வண்டியில் அனுப்பிவிட்டு, அண்ணல் நடந்து வந்தார். வழியில் கும்பல் அவரைக் கல்லாலும் கையாலும் தாக்கியது. இரத்தக் காயங்களோடு வந்து சேர்ந்த கணவரைத்தான் அந்நிய மண்ணில் முதல் நாளே அன்னையார் கண்டார். அன்றிரவு அந்த வீட்டையே கும்பல் சூழ்ந்துகொண்டது. இத்தனைக்கும் பிறகு, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று அவர் பிடிவாதம் செய்யவில்லை. அந்நாட்டிலேயே குடும்பம் நடத்தத் துணிந்தார்.

வாயிற்கதவருகே ஒரு வழக்கு

1898-ஆம் ஆண்டில் டர்பன் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிய வேண்டியது. காந்தியடிகளின் வீட்டில் அவருடைய அலுவலகக் குமாஸ்தாக்களும் தங்கியிருந்தார்கள். அறைகளில் தண்ணீர் போக வழி இல்லாததால், இரவில் பயன்படுத்தும் சிறுநீர்ப் பாத்திரங்களைக் காலையில் எடுத்துச் சென்று கழுவ வேண்டும். புதிதாக வந்த ஒரு குமாஸ்தாவின் பாத்திரத்தைக் கழுவும் வேலை வீட்டாருடையதாயிற்று. அவர் பஞ்சமர் குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். கஸ்தூரிபா வைதிகமான குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தப் பாத்திரத்தைத் தொட அவர் மனம் கூசியது. கணவர் அதைச் செய்வதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை. கண்ணீர் வழிய, பாத்திரத்தைக் கையில் ஏந்திப் படியிறங்கினார்.

செய்தால் போதாது, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் கடிந்து கத்தினார். அப்படியானால் உங்கள் வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்று அன்னையார் கூறிவிட்டார். சினம் மீறிய அண்ணல் அவருடைய கையைப் பற்றி இழுத்துச் சென்று, வெளியே தள்ளுவதற்காக வாயிற்கதவைத் திறந்தார். உங்களுக்கு வெட்கமில்லையா, இந்த நாட்டில் எனக்குத் தாய்வீடு உண்டா, உற்றார் உண்டா, நான் எங்கே போவேன், யாராவது பார்ப்பதற்கு முன் கதவைச் சாத்துங்கள் என்று அழுதுகொண்டே கேட்டார் அன்னை. அண்ணல் தலைகுனிந்தார். கதவைச் சாத்தினார்.

இந்த நிகழ்ச்சியில் யார் பக்கம் நியாயம்? நம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசியபோது இரு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். பெரிய வியாழன் அன்று குருவானவர் முழந்தாளிட்டுப் பிறருடைய பாதங்களைக் கழுவுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். பிறருக்காகத் தாழ்ந்த வேலையையும் செய்வது மேன்மை என்பதை நாம் அறிவோம். அந்த வகையில் காந்தியடிகள் கேட்டது சரியே. ஆனால் கேட்ட விதம் சரியன்று. பாதம் கழுவிய ஆண்டவர் எவரையும் கையைப் பிடித்து இழுத்துப் பாதம் கழுவச் செய்யவில்லை. அன்னையின் மனக்கூச்சம் தவறு. அண்ணலின் முரட்டுத்தனமும் தவறு. தம் தவறை அண்ணல் அன்றே உணர்ந்தார். அன்னையார் தம் தவறை உணரச் சில காலம் சென்றது. அதைப் பின்னர்க் காண்போம்.

யாருடைய நகை?

1901-ஆம் ஆண்டில் அவர்கள் இந்தியாவுக்குத் திரும்பப் புறப்பட்டபோது, அங்கிருந்த இந்தியர்கள் பொன்னும் வைரமுமாகப் பரிசுகளை அளித்தார்கள். அவற்றுள் 50 கினி மதிப்புள்ள தங்க மாலை ஒன்று கஸ்தூரிபாவுக்கென்றே கொடுக்கப்பட்டது. பொதுத் தொண்டுக்குக் கூலி பெறலாகாது என்று எண்ணிய அண்ணல், அனைத்தையும் பொதுநிதியாக்க முடிவு செய்தார். பிள்ளைகளை இசையச் செய்துவிட்டார். மனைவி இசையவில்லை.

எனக்கு வேண்டாம், நாளை வரப்போகும் மருமகள்களுக்கு என்ன போடுவது என்று கேட்டார். அந்த மாலை எனக்குக் கொடுத்தது, அதன்மேல் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டார். நீங்கள் செய்த தொண்டில் எனக்குப் பங்கில்லையா, கண்டவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வந்தீர்களே, இரவும் பகலும் அவர்களுக்காக உழைத்தது யார் என்றும் கேட்டார். இந்தக் கேள்விகள் கூரிய அம்புகளாகத் தைத்தன என்பதை அண்ணல் மறைக்கவில்லை. இறுதியில் நகைகள் பொதுநிதிக்கே சென்றன. அன்னையார் அன்று தோற்றார். எனினும், தலைவர் ஒருவரின் பெருமைக்குப் பின்னால் அடுப்படியில் வேகும் உழைப்பு ஒன்று இருக்கிறது என்பதை அவர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விருந்தினர்களுக்குச் சமைத்துப் பரிமாறிவிட்டுக் கடைசியில் தனியே சாப்பிட உட்காரும் நம் அம்மாக்களும் இதைச் சொல்லக்கூடும், நாம்தான் கேட்பதில்லை.

தம் உடல், தம் மனச்சாட்சி

டர்பனில் அன்னையாருக்குக் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டது. உடல் மிகவும் நலிந்திருந்ததால், மயக்க மருந்து கொடுக்காமலேயே மருத்துவர் அறுவை செய்தார். அந்த வேதனையை அவர் பொறுத்துக்கொண்டார். பின்னர், உயிர் பிழைக்க மாட்டிறைச்சிச் சாறு கொடுத்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். முடிவை மனைவியிடமே விட்டார் அண்ணல். தம் சமய நம்பிக்கைக்கு மாறாக நடந்து உயிர் வாழ்வதைவிட உங்கள் மடியில் சாவதே மேல் என்று அன்னையார் மறுத்துவிட்டார். அப்படியானால் இங்கே வைத்திருக்க முடியாது என்றார் மருத்துவர். தூறும் மழையில், எலும்பும் தோலுமாக இருந்த மனைவியை அண்ணல் பீனிக்ஸ் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். போகும் வழியில் கவலைப்பட்டவர் அண்ணல். தைரியம் சொன்னவர் அன்னை. மெல்ல மெல்ல அவர் உடல் தேறியது. நம்முடைய உணவு வழக்கம் வேறாக இருக்கலாம். ஆனால் மனச்சாட்சிக்காக உயிரையும் பொருட்படுத்தாத வேதசாட்சிகளைப் பற்றிப் படித்து வளர்ந்த நாம், அந்த உறுதியை மதிக்காமல் இருக்க முடியுமா?

மனைவி என்ற உரிமைக்காகச் சிறை

1913 மார்ச் மாதம் கேப் டவுன் நகரில் சர்ல் என்ற நீதிபதி ஒரு தீர்ப்பு வழங்கினார். கிறிஸ்தவ முறைப்படி நடந்து, பதிவு செய்யப்பட்ட திருமணங்கள் மட்டுமே தென்னாப்பிரிக்காவில் செல்லும் என்பது அதன் பொருள். ஒரே தீர்ப்பினால் ஆயிரக்கணக்கான இந்து, இஸ்லாமிய, பார்சிப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அவர்களுடைய பிள்ளைகள் தந்தையின் சொத்துக்கு உரிமை இல்லாதவர் ஆயினர். 30 ஆண்டு இல்லறம் நடத்திய கஸ்தூரிபாவும் அதில் அடக்கம். நம் சமயத்தின் பெயரைச் சொல்லிப் பிற சமயத்துப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இது என்பதை நினைக்கும்போது நமக்கு வருத்தம் மேலிடுகிறது.

பெண்களும் சிறை செல்ல வேண்டும் என்று காந்தியடிகள் முடிவு செய்தார். பீனிக்ஸ் குடியிருப்பில் இருந்த பிற பெண்களிடம் பேசினார். தம் மனைவியிடம் மட்டும் கேட்கவில்லை. தம் சொல்லுக்காக மட்டும் அவர் வந்துவிட்டுப் பிறகு சிறையில் நடுங்கினால் என்ன செய்வது என்று தயங்கினார். இந்தப் பேச்சு அன்னையின் காதில் விழுந்தது. சிறை செல்ல முடியாதபடி என்னிடம் என்ன குறை கண்டீர்கள் என்று அவரே வந்து கேட்டார். அழைப்பு இல்லாமலேயே போராட்டத்தில் சேர்ந்தார்!

1913 செப்டம்பர் 15 அன்று 12 ஆண்களும் 4 பெண்களும் அடங்கிய முதல் அணி பீனிக்சிலிருந்து புறப்பட்டது. அன்னையும் அவர் மகன் ராமதாசும் அதில் இருந்தார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள். செப்டம்பர் 23 அன்று அவர்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில், தம் நோன்புக்கு ஒத்த உணவு கிடைக்காமல் அன்னையார் துன்புற்றார். டிசம்பர் மாதம் வெளியே வந்தபோது அவர் எலும்புக்கூடாக இருந்தார்.

இதே போரில் நம் தமிழ்ப் பெண்கள் ஆற்றிய பணியை எழுத்தில் அடக்க முடியாது. டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த 11 பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், சிலர் கைக்குழந்தையோடு, நியூகாசில் நகரத்துக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பேசினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். நவம்பர் 6 அன்று 2037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் அண்ணலின் பின்னே எல்லையை நோக்கி நடந்தார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்த வள்ளியம்மை, சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தாள். அவளுக்கு வயது 16. நம் பள்ளியில் நமக்கு அடுத்த வகுப்பில் இருக்க வேண்டிய வயது!

அதே 1914-ஆம் ஆண்டில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. இந்தியத் திருமணங்கள் செல்லுபடியாயின. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர்மேல் விதிக்கப்பட்ட மூன்று பவுன் வரி ஒழிந்தது.

சென்னையில் அன்னை

1915 ஜனவரியில் தாயகம் திரும்பிய இருவரும், ஏப்ரல் 17 அன்று நம் சென்னைக்கு வந்தார்கள். சென்ட்ரல் நிலையத்தில் கூடியிருந்த மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுத்துச் சென்றார்கள். தம்புச் செட்டித் தெருவில் ஜி. ஏ. நடேசன் அவர்களின் இல்லத்தில் அவர்கள் தங்கினார்கள். நான்கு நாட்கள் கழித்து விக்டோரியா பொது மண்டபத்தில் நடந்த வரவேற்பில், பாராட்டெல்லாம் தங்களுக்கு உரியவை அல்ல, வள்ளியம்மைக்கும் நாகப்பனுக்கும் நாராயணசாமிக்கும் உரியவை என்று அண்ணல் கூறினார். சென்ட்ரல் எதிரே செந்நிறக் கட்டடமாக நிற்கிறதே, அந்த மண்டபம்தான் அது.

தம்மையே வென்ற அன்னை

டர்பன் வீட்டு வாயிலில் முடியாமல் நின்ற வழக்கு, அகமதாபாத்தில் மீண்டும் எழுந்தது. 1915 மே மாதம் கோச்ரப் என்னுமிடத்தில் ஆசிரமம் தொடங்கியது. சில மாதங்களில், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தைச் சேர்ந்த தூதாபாய், அவர் மனைவி தானிபென், குழந்தை லட்சுமி ஆகிய மூவரும் அங்கே வாழ வந்தார்கள். பணம் கொடுத்து வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கிணற்றில் நீர் இறைப்பதற்கும் தடை சொன்னார்கள். வெளியார் மட்டுமா? அன்னைக்கே அவர்கள் வரவு பிடிக்கவில்லை. தானிபென்னிடம் முகம் கொடுத்துப் பழக அவரால் முடியவில்லை.

இதை ஏன் எழுத வேண்டும், நல்லதை மட்டும் எழுதலாமே என்று நம்மில் சிலர் கேட்டனர். ஆனால் பிறகு நடந்ததைச் சொல்ல இதையும் சொல்லியாக வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஊறிய எண்ணத்தை ஒரு நாளில் களைய முடியாது. அன்னையார் நாளுக்கு நாள் தம் மனத்தோடு போராடினார். மெல்ல மெல்ல வென்றார். அந்தக் குழந்தை லட்சுமி, காந்தி தம்பதியரின் மகளாகவே ஆசிரமத்தில் வளர்ந்தாள். இதற்குப் பின் நாடெங்கும் எத்தனையோ சேரிகளுக்கு அன்னையார் சென்றார். சிறையில் எதிரியை வெல்வதைவிட, சமையலறையில் தம்மைத் தாமே வெல்வது கடினம். அதையும் செய்தார் நம் அன்னை.

மக்களிடையே

1917-ஆம் ஆண்டு பீகார் மாநிலம் சம்பாரணில், அவுரி பயிரிட வற்புறுத்தப்பட்ட உழவர்களுக்காக அண்ணல் பாடுபட்டபோது, பிதிஹர்வா என்ற சிற்றூரில் பள்ளி நடத்தும் குழுவோடு அன்னையார் தங்கினார். துணியைத் துவைத்துக் கட்டுங்கள் என்று பெண்களிடம் கூறச் சென்றார். ஒருத்தி அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துக் காட்டினாள். பெட்டியும் இல்லை, மாற்றுச் சேலையும் இல்லை. உடுத்தியிருந்த ஒன்றே அவளுடைய சேலை. எதை உடுத்திக்கொண்டு எதைத் துவைப்பது? புத்தி சொல்லப் போனவர் கற்றுக்கொண்டு திரும்பினார்.

1922-இல் அண்ணலுக்கு ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டபோது, நாட்டு மக்களுக்கு அன்னையார் ஓர் அறிக்கை விடுத்தார். அந்நியத் துணியைக் கைவிடுங்கள், பெண்கள் நூல் நூற்பதைக் கடமையாகக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1930-இல் உப்புப் போரின்போது கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டார். அதன் பின் பல முறை சிறை சென்றார். 1939-இல் ராஜ்கோட் மக்களுக்காகப் போராடி, 70 வயதை நெருங்கும் நிலையில், தனிமைக் காவலையும் ஏற்றார்.

ஒரு தாயின் துயரம்

ஊரார் வீட்டுக் குடியை ஒழிக்க மறியல் செய்த அன்னைக்கு, தம் வீட்டிலேயே அந்தத் துயரம் இருந்தது. மூத்த மகன் ஹரிலால் தென்னாப்பிரிக்காவில் தந்தையோடு சேர்ந்து பல முறை சிறை சென்ற வீரன். பின்னர்த் தந்தையோடு மனம் கசந்து பிரிந்தான். மனைவியை இழந்தான். குடிக்கு அடிமையானான். புனித மோனிக்கம்மாள் தம் மகனுக்காகப் பல ஆண்டுகள் கண்ணீர் விட்டு மன்றாடியதை மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த மகன் திரும்பி வந்தார். புனித அகுஸ்தீனார் ஆனார். கஸ்தூரிபாவின் கண்ணீருக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. அன்னை மரணப்படுக்கையில் இருந்தபோது பார்க்க வந்த ஹரிலால், குடிபோதையிலேயே வந்தான். தாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாட்டுக்குத் தந்தையானவரின் வீட்டில் ஒரு மகன் தந்தையை இழந்து நின்றான். இடையில் நின்று இரு பக்கமும் அன்பு செலுத்திய தாயின் வேதனையை யாரால் அளவிட முடியும்?

கடைசிச் சிறை

1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் பம்பாயில் காந்தியடிகளைக் கைது செய்தார்கள். அன்று மாலை சிவாஜி பூங்காவில் அவர் பேச வேண்டிய கூட்டத்தில் தாமே பேசப்போவதாக அன்னையார் அறிவித்தார். உடல்நலம் குன்றிய 73 வயது மூதாட்டியையும் அரசு விட்டுவைக்கவில்லை. கைது செய்து, பின் பூனாவில் ஆகாகான் மாளிகையில் அண்ணலோடு காவலில் வைத்தது. அங்கே ஆகஸ்ட் 15 அன்று, மகன்போல் நேசித்த மகாதேவ தேசாய் மாரடைப்பால் இறந்தார். மறு ஆண்டு அண்ணல் 21 நாள் உண்ணாநோன்பு இருந்தபோது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் அன்னை.

அந்தச் சிறையிலும் ஓர் இனிய காட்சி உண்டு. 74 வயதுக் கணவர் ஆசிரியர். 74 வயது மனைவி மாணவி. பூகோளமும் குஜராத்தியும் பாடங்கள். 13 வயதில் கிடைக்காத பள்ளிக்கூடம், வாழ்வின் இறுதியில் சிறையில் கிடைத்தது!

1944 பிப்ரவரி 22, சிவராத்திரி நாள். மாலையில் கணவரின் மடியில் தலைவைத்து அன்னையார் உயிர் நீத்தார். அண்ணல் நூற்ற நூலால் நெய்த சேலையை உடுத்தி, மாளிகை வளாகத்திலேயே தகனம் செய்தார்கள். 30 ஆண்டுகளுக்கு முன் இதே பிப்ரவரி 22-இல்தான் வள்ளியம்மை மறைந்தாள். ஒரே போரில் சிறை சென்ற இருவரும் ஒரே நாளில் இறைவனடி சேர்ந்ததை எண்ணி நாம் வியக்கிறோம். 1947 ஆகஸ்ட் 15-ஐக் காண இருவருமே இல்லை.

அன்னையின் நினைவாக 75 லட்சம் ரூபாய் திரட்ட மக்கள் முனைந்தார்கள். அந்த இலக்கையும் தாண்டிப் பணம் குவிந்தது. கிராமப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிபுரியக் கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை எழுந்தது. நம் மாநிலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய காந்திகிராமத்திலும் கஸ்தூரிபா பெயரால் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

முடிவுரை

கல்லானாலும் கணவன் என்பது பழமொழி. அன்னை கஸ்தூரிபாவை அப்பழமொழிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அவர் கணவரைவிட்டுப் பிரியவில்லை என்பது உண்மை. ஆனால் கல்லைக் கல்லென்று சொல்ல அவர் அஞ்சவும் இல்லை. மனம் ஒப்பாதபோது ஒப்பவில்லை என்று கூறினார். மனம் ஒப்பியபின் அழைப்புக்குக் காத்திராமல் முன்னே சென்றார். தம் தவறு தெரிந்தபோது அதைத் திருத்திக்கொண்டார். அண்ணல் மகாத்மாவானதில் அன்னையின் கேள்விகளுக்குப் பெரும் பங்குண்டு எனின் மிகையாகாது.

அன்புத் தோழியரே! அடக்கமாயிருங்கள் என்று பெற்றோரும் அருட்சகோதரிகளும் நமக்கு அறிவுரை கூறுகிறார்கள். அடக்கம் வேறு, அச்சம் வேறு என்பதை அன்னையின் வாழ்விலிருந்து அறிந்துகொள்வோம். பெரியோரிடம் பணிவாகவும் கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். மதிய உணவு வேளையில் வட்டமாக உட்காரும்போது, நம் வட்டத்துக்கு வெளியே தனியாக அமர்ந்து டப்பாவைத் திறக்கும் தோழி ஒருத்தி இருக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்போம். நம்மில் சிலர் இக்கட்டுரைக்காகப் படித்து முடித்த மறுநாள் அப்படித் திரும்பிப் பார்த்தோம், இருந்தாள். இப்போது எங்கள் வட்டம் சற்றுப் பெரிதாகியிருக்கிறது.

அடுத்த முறை திருவல்லிக்கேணி வழியாகப் பேருந்தில் செல்லும்போது, அந்த மருத்துவமனையின் பெயர்ப்பலகையை ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்போம். எழுதப் படிக்க வாய்ப்பில்லாத ஒரு தாயின் பெயரைப் பிழையின்றி வாசிக்கும் கல்வி நமக்கு வாய்த்திருக்கிறது. அதற்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.

வாழ்க அன்னை கஸ்தூரிபாவின் புகழ்!